அந்த மேப்பிள் உன் ஜன்னலுக்கு வந்த கதை

தம்பி,

நேற்று உங்கள் இருவரையும் பஸ் ஏற்றிவிட வந்தேனே, நிவேதா இடம் பிடிக்க உள்ளே ஏறிய நேரத்தில் நீ என் காதருகே வந்து ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, வீட்டுல ஒரு மேப்பிள் போன்சாய் வச்சிருக்கா. இம்புட்டுத்தான் உயரம். புள்ளையப் பாக்குற மாதிரி பாத்துக்கிறா. யாரு குடுத்ததுன்னு கேட்டா சிரிக்கிறாளே தவிர சொல்ல மாட்டேங்குறா. அம்மாகிட்ட ஏதும் சொன்னாளா?" நான் பதில் சொல்லாமல், டிரைவர் ஏறிவிட்டார் பார், நீயும் ஏறு என்று உன் முதுகைத் தள்ளிவிட்டேன். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டவனே நான்தான். ஏழு மாதமாக வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள், தாலி கட்டியவனிடம்கூட. இனிமேலும் அவளைச் சிரித்துச் சமாளிக்க வைப்பது நியாயமில்லை. இதை நேரில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் மழை, மின்சாரம் என்று பேச்சை மாற்றிவிடுவேன், என்னைப் பற்றி உனக்குத் தெரியும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியம், கடையை அடைத்துவிட்டு, மோட்டாருக்குக் காயில் கட்டும் மேசையைத் துடைத்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஆனி மாதம் சென்னையிலிருந்து லீவில் வந்தாய். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாய், ஒரு பெண் இருக்கிறாள், கொடைக்கானலில் பள்ளிக்கூட டீச்சர், அப்பா இல்லை, அம்மாவும் அவளும்தான் என்று. அதுவரை நான் ஒழுங்காகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என்ன ஆட்கள், பூர்வீகம் எந்த ஊர் என்றெல்லாம் நான் கேட்கவில்லை, அது உனக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும். கடைசியாக ஒன்று சொன்னாய் பார், அதுதான் என்னைக் குத்தியது. "கல்யாணத்துக்கு அப்புறம் நான் அங்க போயிடுவேம்ப்பா. என் வேலைய எங்கருந்து வேணாலும் பாக்கலாம்." ஒரே மகன். சென்னையில் இருக்கிறாய் என்றால் என்றைக்காவது திரும்பி வருவாய் என்று ஒரு நினைப்பு. மலைமேல் போய்க் குடியிருக்கிறவன் எங்கே இறங்கி வரப்போகிறான்? "அங்க போறதுன்னா இங்கிட்டு வராத" என்று சொல்லிவிட்டேன். நீ கை கழுவிக்கொண்டு எழுந்து போனாய். அன்று சாயங்காலமே பஸ் ஏறினாய். அதற்குப் பிறகு எட்டு மாதம் நான் உன்னிடம் பேசவில்லை. நீ பேசவில்லை என்று ஊரில் சிலரிடம் சொல்லியிருக்கிறேன், அது பொய். ஞாயிறு தவறாமல் கூப்பிட்டாய். உன் பெயர் ஒளிரும்போது போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, சத்தம் நிற்கும்வரை கையில் இருக்கிற கம்பியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நின்ற பிறகு, இன்னும் இரண்டு தடவை அடித்திருந்தால் எடுத்திருப்போம் என்று நினைத்துக்கொள்வேன்.

உன் அம்மா என்னை மாதிரி இல்லை. உன்னிடமும் பேசினாள், என்னிடம் சொல்லாமல் நிவேதாவிடமும் பேச ஆரம்பித்தாள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு அடுப்படியில் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் உரிப்பாள். நான் கூடத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்படித்தான் ஒருநாள் காதில் விழுந்தது, அந்தப் பெண்ணுக்குத் தொட்டியில் குட்டி மரம் வளர்ப்பதில் ஆசை, ஆலும் அத்தியும் இருக்கிறது, மேப்பிள் ஒன்று வாங்க வேண்டும் என்று வெகுநாளாகத் தேடுகிறாள் என்று. எனக்கு உடனே ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை என்று அப்போது நினைத்தேன். அந்த மரத்தை நாமே வாங்குவது, நம் வீட்டு மாடியில் பந்தல் போட்டு வைப்பது, அதைப் பார்க்க அந்தப் பெண் வருவாள், வந்தவள் தங்குவாள், அவள் பின்னாலேயே நீயும் வந்துவிடுவாய். சிரிக்காதே. மீனுக்குத் தூண்டில் போடுகிற மாதிரி உட்கார்ந்து திட்டம் போட்டவன் நான்.

செல்போனிலேயே ஆர்டர் செய்தேன். படத்தில் ரத்தச் சிவப்பாக இலை, நீலத் தொட்டி, பார்க்கக் கண் குளிர்ந்தது. வந்த அட்டைப் பெட்டியைத் திறந்தால் ஒரு சாண் தண்டு, அதில் கை விரித்த மாதிரி ஐந்தாறு சிவப்பு இலை. மாடியில் பச்சை வலை கட்டி, காலை மாலை இரண்டு வேளையும் தண்ணீர் தெளித்தேன். செடி இருபதே நாளில் என் முழங்காலைத் தொட்டது. போன்சாய் என்றால் குட்டையாக நிற்க வேண்டும் என்றுதானே கேள்விப்பட்டிருந்தேன்? மண் வாகு என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். ஒருநாள் வடகம் காயவைக்க மேலே வந்த உன் அம்மா அதன் இலையொன்றைக் கிள்ளினாள், முகர்ந்தாள், பிறகு வாயில் போட்டு மென்றாள். "என்னங்க, இது புளிச்சக்கீரை சாதிங்க" என்றாள். நான் விடவில்லை, வெளிநாட்டு மரம், பெயர் மேப்பிள் என்றேன். "பேரு என்னவா இருந்தா என்ன, வாயில வச்சுப் பாருங்க." வைத்துப் பார்த்தேன். பல் கூசுகிற புளிப்பு. மறுநாள் வரமிளகாய் வறுத்துப்போட்டுத் துவையலாக்கிவிட்டாள். உண்மையைச் சொல்கிறேன், துவையல் பிரமாதமாக இருந்தது. ஆனால் சாப்பிடும்போது அவள் கேட்டாள், "அந்தப் புள்ளைக்கா வாங்குனீங்க?" நான் இன்னொரு கை சோறு போடச் சொன்னேன்.

அதற்குப் பிறகு விட்டுவிட்டிருக்கலாம். ஆனால் ஏமாந்தது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு மோட்டாரைத் தூக்கிப் பார்த்தே உள்ளே கட்டியிருப்பது செம்பா அலுமினியமா என்று சொல்கிற என்னிடம் ஒரு கீரையை மரம் என்று தள்ளிவிட்டார்கள். தெரிந்த ஆளிடம் கேட்டு வாங்குவோம் என்று முடிவு செய்தேன். எனக்குத் தெரிந்து மேப்பிளைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் நிவேதாதான். உன் அம்மா குளிக்கப் போன நேரத்தில் அவள் போனிலிருந்து நம்பரை எடுத்து, கடைக்கு வந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கூப்பிட்டேன்.

"அன்னவாசல்லருந்து பேசுறேன்" என்றேன்.

"அன்னவாசல்ல யாருங்க?"

"மோட்டார் கடை."

கட் செய்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அப்புறம் மெதுவாக, "சொல்லுங்க மாமா" என்றாள். தம்பி, அந்த ஒரு வார்த்தைக்கு நான் தயாராக இல்லை. கோபமாகக் கேட்பாள், இல்லை அழுவாள் என்று நினைத்திருந்தேன். நான் பாட்டுக்குப் படபடவென்று சொன்னேன். "ஒரு சந்தேகம் கேக்கணும். மேப்பிள் மரம், தொட்டியில வைக்கிறது, வாங்குறதுன்னா எதப் பாத்து வாங்கணும்?"

"யாருக்கு மாமா?"

"தெரிஞ்சவங்களுக்கு."

"போன்ல படத்தப் பாத்து மட்டும் வாங்காதீங்க. வேற செடிய அனுப்பிடுவாங்க" என்றாள். நான் இருமினேன். "இங்க ஒரு நர்சரியில நல்ல மரம் இருக்குன்னு சொன்னாங்க. நேருல பாத்தாத்தான் தெரியும். நீங்க வாரதா இருந்தா சொல்லுங்க, நான் கூட வாரேன்." அவ்வளவுதான் பேச்சு. நீ எப்படி இருக்கிறாய் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மாசி மாதம், ஒரு சனிக்கிழமை. திருச்சிக்குச் செம்புக்கம்பி எடுக்கப் போகிறேன் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் விராலிமலை போய், மணப்பாறை, திண்டுக்கல், வத்தலக்குண்டு என்று மாறி மாறி ஏறினேன். மலைப்பாதையில் தலை சுற்றியது. பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், கையில் ஒரு பழைய ஸ்வெட்டரோடு நின்றுகொண்டிருந்தாள். "எங்க அம்மா குடுத்து விட்டாங்க. நீங்க எடுத்துட்டு வந்திருக்க மாட்டீங்கன்னாங்க." உண்மைதான், நான் அரைக்கைச் சட்டையோடு போயிருந்தேன். எட்டு மாதமாக நான் மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்த வீட்டிலிருந்து எனக்கு ஸ்வெட்டர் வருகிறது. போட்டுக்கொண்டேன். கை கொஞ்சம் குட்டை.

நர்சரி ஒரு சரிவில் இருந்தது. மப்ளர் சுற்றிய ஒரு மனிதர், என் வயதுதான் இருக்கும், வலைக்குடிலுக்குள் அழைத்துப் போனார். மேப்பிள் எங்கே என்று கேட்டால் வரிசையாகக் காய்ந்த குச்சிகளைக் காட்டுகிறார். ஒன்றில்கூட இலை இல்லை. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது, ஒருமுறை ஏமாந்தவன் அல்லவா? "செத்துப்போனத விக்கிறீங்களா?" என்று கேட்டேவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு கிளையில் நகத்தால் லேசாகக் கீறினார், உள்ளே பச்சை. "தூங்குதுங்க. இப்பத்தான் முழிக்கப் போவுது. நுனியப் பாருங்க." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒவ்வொரு நுனியிலும் இரண்டிரண்டாக, அரிசி முனை அளவுக்குச் சிவந்த மொட்டு.

ஒரு மூலையில் மட்டும் ஒரு மரம் அவசரப்பட்டு இலை விட்டிருந்தது, நல்ல சிவப்பு, தடித்த தண்டு. நான் நேராக அதனிடம் போனேன். நிவேதா வந்து குனிந்து அடித்தண்டைக் காட்டினாள். கட்டுப் போட்ட கை மாதிரி ஒரு புடைப்பு. "ஒட்டுக்கட்டுனது மாமா. இந்த முடிச்சு கடைசிவரைக்கும் போகாது. எலை எல்லா வருஷமும் வரும், போகும். அடியத்தான் பாக்கணும்." பிறகு தரையில் மண்டியிட்டு ஒவ்வொரு தொட்டியிலும் மேல்மண்ணை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். வேர் எல்லாப் பக்கமும் பிரிந்து போகிறதா, ஒரு பக்கமாகச் சுருண்டிருக்கிறதா, தண்டு அடியில் பருத்து மேலே போகப்போக மெலிகிறதா. சேலைக்கடையில் உன் அம்மா பார்டரைத் திருப்பிப் பார்ப்பது போலப் பார்த்தாள். அவசரமே இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. வேலையில் அவசரப்படாத ஆட்களை எனக்கு எப்போதும் பிடிக்கும், அவர்கள் யாராக இருந்தாலும்.

கடைசியில் இரண்டு மரங்கள் மிஞ்சின. ஒன்று பாம்பு நெளிந்த மாதிரி அழகாக வளைந்தது. அவளுக்கு அதன்மேல் ஆசை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நான் சும்மா கட்டைவிரலை அந்தத் தண்டில் ஓட்டினேன். விரலில் ஏதோ தட்டியது. பாசியை விலக்கிப் பார்த்தால், பட்டைக்குள் புதைந்து ஒரு கம்பி. வளைப்பதற்காகச் சுற்றியிருக்கிறார்கள், எடுக்க மறந்துவிட்டார்கள், மரம் பருத்து அதை விழுங்கிவிட்டது. "இது அலுமினியக் கம்பி, மூணு மில்லி இருக்கும். கட்டி ரெண்டு மழக்காலம் பாத்திருக்கும்" என்றேன். நர்சரிக்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "ஆமாங்க, மொத ஆளு கட்டுனது, நான் கவனிக்கல" என்றார். நிவேதா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நாலு தடவ பாத்தேன் மாமா, எனக்குத் தெரியவே இல்ல." தம்பி, முப்பது வருடம் கம்பி சுற்றியதில் எனக்கு இவ்வளவு பெருமையாக இருந்த நாள் வேறு இல்லை. உனக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது, மறந்துவிடாதே. அவள் அந்த மரத்துக்குக் கம்பி சுற்றினால் மாதம் ஒருமுறை நீயும் பார். எடுக்கும்போது சுற்றிச் சுற்றிப் பிரிக்காதே, கிளை முறியும். துண்டு துண்டாக வெட்டி எடு.

மிஞ்சியது இன்னொரு மரம், இப்போது உன் ஜன்னலில் இருப்பது. ஒரு முழம் உயரம், லேசாக ஒரு பக்கம் சாய்வு, பகட்டு ஒன்றும் கிடையாது. ஆனால் வேர் சுற்றிலும் மண்ணைப் பிடித்திருந்த பிடி எனக்கே தெரிந்தது. தொட்டியை இரண்டு கையாலும் தூக்கினேன். நர்சரிக்காரர், "எங்க கொண்டு போறீங்க?" என்று கேட்டார். அன்னவாசல், புதுக்கோட்டை பக்கம் என்றேன். மனிதர் என் கையிலிருந்து தொட்டியை வாங்கித் திரும்பக் கீழே வைத்துவிட்டார்.

"அப்ப குடுக்க மாட்டேங்க."

"ஏங்க? சும்மாவா கேக்குறேன்?"

"வெயிலுகூடப் பரவாயில்ல, நெழலக் கட்டி வைக்கலாம். குளிரு வேணும். வருசத்துல ரெண்டு மூணு மாசம் எலையக் கொட்டிட்டுத் தூங்கணும் இது. ஒங்க ஊருல தூக்கம் வராது. ஒரு வருசம் தாக்குப்பிடிக்கும், ரெண்டாவது வருசம் போயிரும்."

நான் விடவில்லை. பச்சை வலை கட்டுகிறேன் என்றேன். ஐஸ் கட்டி வைக்கிறேன் என்றேன். ஏசி ரூமில் வைத்தால் என்ன என்று கேட்டபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நிவேதா, "மாமா, தெரிஞ்சவங்களுக்குத்தான? இச்சி மரம் ஒண்ணு பாக்கலாம், ஆலஞ்சாதிதான், அது ஒங்க பக்கம் நல்லா வரும்" என்றாள். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "இச்சி மரத்த வச்சு நான் என்ன பண்றது? ஒனக்குத்தான் ஆத்தா இது. எங்க வீட்டு மாடியில வைக்கலாம்னு வாங்க வந்தேன்" என்று கொட்டிவிட்டேன்.

நர்சரிக்காரர் தண்ணீர்க் குழாயைப் பார்க்கப் போகிற மாதிரி நகர்ந்துவிட்டார். அவள் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். கெட்டிக்காரப் பெண், எல்லாம் புரிந்துவிட்டது. குரலை உயர்த்தவில்லை. "நான் வருவேன் மாமா. லீவுக்கு வருவேன், பொங்கலுக்கு வருவேன். ஒங்களுக்கோ அத்தைக்கோ ஒடம்புக்கு முடியலன்னா அன்னிக்கே வருவேன். ஆனா வேலைய விட்டுட்டு வரச் சொன்னா என்னால முடியாது. அம்மாவத் தனியா விடவும் முடியாது. இத அவருகிட்ட மொதல்லயே சொல்லிட்டேன். ஒங்ககிட்டயும் சொல்லிடுறேன், அப்புறம் மறைச்சேன்னு ஆகக் கூடாது."

அங்கே ஒரு மரப்பலகை கிடந்தது, அதில் உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மா கல்யாணத்துக்கு முன்னால் மணமேல்குடியில் பால்வாடி டீச்சராக இருந்தது உனக்குத் தெரியும். எப்படி விட்டாள் என்று நீ கேட்டதில்லை. விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. விடுவாயா என்று கேட்கவும் இல்லை. விட்டுவிடுவாள் என்று நானாகவே எடுத்துக்கொண்டேன், அவளும் ஒரு பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள். புதிதில் அன்னவாசலில் தெருக் குழந்தைகளைக் கூட்டிவைத்துப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பாள். கடைக்கு வருகிறவர்களுக்குச் சத்தமாக இருக்கிறது என்று ஒருநாள் சொன்னேன். மறுநாளிலிருந்து நிறுத்திவிட்டாள். முப்பது வருடத்தில் ஒருமுறைகூட அதைக் குத்திக்காட்டியதில்லை. அந்தப் பலகையில் உட்கார்ந்தபோதுதான் முதல் தடவையாக எனக்குத் தோன்றியது, நிவேதா இன்று சொன்னதை அன்று அவளும் சொல்லியிருக்கலாம், நான் கேட்டிருந்தால். அந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அதிக நேரம் வெட்கப்பட்டுக்கொண்டிருக்க அங்கே குளிர் விடவில்லை.

எழுந்துபோய் நர்சரிக்காரரிடம், "இது இங்கிட்டேதான் இருக்கும். இந்தப் புள்ள வீட்டுல. கட்டிக் குடுங்க" என்றேன். நிவேதா தொட்டியை வாங்கி மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். குளிருக்காக இருக்கலாம். உன்னிடம் இப்போது சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். அப்புறம் சொல்ல எனக்குத்தான் வாய் வரவில்லை.

அன்று சாயங்காலம் உனக்கு வந்த போன் நினைவிருக்கிறதா? எட்டு மாதம் கழித்து நான் கூப்பிட்டது. "எங்கப்பா இருக்கீங்க, ஒரே எரைச்சலா இருக்கு" என்று கேட்டாய். கடையில்தான், கிரைண்டர் ஓடுகிறது என்றேன். கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில், இரண்டு பஸ்ஸுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். "ஒங்க அம்மாவ நாள் பாக்கச் சொல்லியிருக்கேன், நீ லீவு போட்டுக்க" என்றேன். உண்மையில் அப்போது அவளிடம் சொல்லவே இல்லை. நீ அழுதது எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி, சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன். நீ இத்தனை நாளும் அம்மாதான் அப்பாவைக் கரைத்தாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாய். மறுநாள் காலை நான் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னபோது அவள் அரை மணி நேரம் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று, "எனக்கு ஒரு மரம் வாங்கிக் குடுக்கணும்னு தோணுச்சா ஒங்களுக்கு?" என்று கேட்டாள். இப்போது வாரத்தில் நாலு நாள் கடைக்கு முன்னால் பத்துப் பிள்ளைகள் உட்கார்ந்து அவளிடம் சத்தமாகப் பாட்டுப் படிக்கிறார்கள். மோட்டார் கொண்டுவருகிறவர்கள் கொஞ்சம் உரக்கப் பேச வேண்டியிருக்கிறது, பழகிவிட்டார்கள்.

உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நிவேதா இதைச் செய்வாள், அதை விட்டுக்கொடுப்பாள் என்று நீயாக எதையும் எடுத்துக்கொள்ளாதே. சின்ன விஷயமாக இருந்தாலும் கேள். கேட்டால் அவள் நேராகச் சொல்லிவிடுகிறவள், உனக்கு வேலை மிச்சம். நான் உன்னிடம் பேசாமல் இருந்த எட்டு மாதத்துக்கு மன்னித்துக்கொள். அதை எப்படி எழுதுவது என்று யோசித்தே இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

நிவேதாவுக்கும் தெரியாதது ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். நர்சரிக்குப் போய் இறங்கிய கொஞ்ச நேரத்தில், அவளும் அந்த மனிதரும் முன்னால் வலைக்குடிலை நோக்கி நடந்தார்கள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் நின்றேன். அவர் வீட்டம்மா எனக்கு டீ கொண்டுவந்தார். அப்போது நான் மரமும் பார்க்கவில்லை, உன் கல்யாணத்துக்குச் சரி என்றும் சொல்லியிருக்கவில்லை. சரிவில் இறங்கிப் போகிற நிவேதாவைப் பார்த்துவிட்டு அந்த அம்மா கேட்டார், "ஒங்க மகளுங்களா? நடை அப்படியே ஒங்கள மாதிரியே இருக்குங்க."

நான் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆமாங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றேன்.

அப்பா